டிரான்ஸ்லேட் எதைச் சுமக்கிறது?

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுகிற மேடைகளிலும் மொழிபெயர்ப்பு நூல்களின் முன்னுரைகளிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "டிரான்ஸ்லேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு லத்தீனில் அக்கரைக்குக் கொண்டுபோதல் என்று பொருள்." அதன் பின்னாலேயே ஆறு வரும், படகு வரும், சரக்கு நனையாமல் கரை சேர்ந்ததா என்ற கேள்வி வரும். கொஞ்சம் நனைந்திருந்தால் 'மூலத்துக்குத் துரோகம்' என்ற தீர்ப்பும் வந்துவிடும். வேர்ப்பொருள் சரிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வேரை வைத்து மொழிபெயர்ப்பாளரைச் சுமைகூலி ஆக்குவதுதான் உறுத்துகிறது. இந்த வினைச்சொல் கடந்து வந்த வழியைப் பார்த்தால், அது வெறும் சுமப்பாக மட்டும் இருந்த காலம் குறைவு. இடம் மாறுகிற பொருள் அப்படியே இருக்கும் வழக்கு ஒன்று, இடம் மாறும்போதே பொருளும் மாறிவிடும் வழக்கு இன்னொன்று என்று இரண்டு இழைகள் இதில் ஓடுகின்றன. மேடைகளில் முதல் இழை மட்டுமே பேசப்படுகிறது.

(தொல்காப்பியம் 'மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல்' என்று சொல்வது தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கே ஆங்கிலச் சொல்லோடு நிற்கிறேன்.)

ஒரு வினை, இரண்டு வேர்

முதலில் சொல்லைப் பிரித்துப் போடலாம். டிரான்ஸ் என்பது 'கடந்து, அப்பால்'. லேட் என்பது 'சுமக்கப்பட்ட' என்ற பொருளுள்ள லாட்டுஸ். இது ஃபெர்ரே என்ற வினையின் இறந்தகால எச்ச வடிவம். ஃபெர்ரே என்றால் சுமத்தல், கொண்டுவருதல். சுமக்கிறேன் என்பதற்கு ஃபெரோ, சுமந்தேன் என்பதற்கு துலீ, சுமக்கப்பட்டது என்பதற்கு லாட்டுஸ். ஒரே வினைக்கு மூன்று வேறு முகங்கள் எப்படி வந்தன என்றால், இவை ஒரே வினையாகப் பிறந்தவை அல்ல. நிகழ்காலம் ஒரு வேரிலிருந்தும், மற்ற இரண்டும் வேறொரு வேரிலிருந்தும் வந்து ஒட்டிக்கொண்டன. ஆங்கிலத்தில் கோ என்பதன் இறந்தகாலம் வென்ட் ஆனதும் இதே வகைதான்.

ஃபெரோவின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் முழுக்கப் பரவியது. ஆங்கிலத்தின் பேர், அதாவது தாங்குதல், சுமத்தல், அந்த வேர்தான். சமஸ்கிருதத்தில் பரதி, பார என்று வரும். அங்கிருந்து தமிழுக்கு வந்த பாரம் நமக்கு அன்றாடச் சொல். துலீ, லாட்டுஸ் இரண்டின் வேர் 'தூக்குதல், தாங்குதல்' என்ற பொருளுடையது. சகிப்பதைக் குறிக்கும் டாலரேட் என்ற ஆங்கிலச் சொல் அதே குடும்பம். நிறுப்பதற்குத் தூக்கிப் பிடிக்கும் தராசான சமஸ்கிருதத் துலாவும் அதே குடும்பம். துலாக்கோல், துலாம் என்று அதுவும் தமிழில் புழங்குகிறது. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று நம்புவது சொல்லாராய்ச்சியில் ஆபத்தான பழக்கம். ஆனால் இங்கே உறவு உண்மையானது: டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லின் வாலில் பாரத்தின் உறவும், டிரான்ஸ்லேட் என்ற சொல்லின் வாலில் துலாத்தின் உறவும் இருக்கின்றன.

துலீயில் இருக்கும் 'து' லாட்டுஸில் எங்கே போனது? அது முதலில் த்லாட்டுஸ். சொல்லின் தொடக்கத்தில் 'த்ல' என்ற கூட்டை லத்தீன் வைத்துக்கொள்ளவில்லை, தகரம் உதிர்ந்துவிட்டது. இந்த உதிர்வால் ஒரு குழப்பமும் பிறந்தது. லத்தீனில் ஒன்றுபோல் எழுதப்படும் லாட்டுஸ்கள் மூன்று. சுமக்கப்பட்டது ஒன்று. அகலமானது இன்னொன்று, அட்சரேகையைக் குறிக்கும் லாட்டிட்யூட் அதிலிருந்து வந்தது. மூன்றாவது குறில் அகரத்தோடு ஒலிக்கும் லதுஸ், அதாவது பக்கம்; லேட்டரல் என்ற சொல்லின் தாய். 'டிரான்ஸ்லேட் என்றால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்' என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்றாவதைப் பிடித்துக்கொண்டவர்கள். நெடிலா குறிலா என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆங்கிலம் லத்தீன் வினைகளை எடுத்துக்கொண்டபோது சில நேரம் நிகழ்கால அடியையும், சில நேரம் எச்ச அடியையும், பல நேரம் இரண்டையும் எடுத்தது. அதனால் ரெஃபர், ரிலேட் இரண்டும் ஒரே லத்தீன் வினை. கன்ஃபர், கொலேட் ஒரே வினை. ப்ரிஃபர் என்றால் முன்னால் வைத்தல். முன்னால் வைக்கப்பட்டவர் ப்ரெலேட், அதாவது திருச்சபையின் உயர் பதவியாளர். டிரான்ஸ்ஃபர், டிரான்ஸ்லேட் இரண்டும் இப்படிப்பட்ட இரட்டையர். ரோமானியனிடம் வேறுபாடு கேட்டிருந்தால் ஒன்று நிகழ்காலம், மற்றது எச்சம் என்று மட்டும் சொல்லியிருப்பான். பொருள் வேறுபாடு முழுக்க ஆங்கிலம் உண்டாக்கியது.

ரோமானியர் கையில் பல வினைகள்

சுமப்பதுதான் மொழிபெயர்ப்பின் ஆதி உருவகம் என்றால், லத்தீன் எழுத்தாளர்கள் அந்த ஒரு வினையை மட்டும் பயன்படுத்தியிருக்க வேண்டும். அப்படி இல்லை. கிரேக்க நாடகங்களை லத்தீனில் எழுதிய ப்ளாட்டுஸ் தன் முன்னுரையில் "பிலேமோன் எழுதினான், ப்ளாட்டுஸ் அதை அந்நிய மொழியில் திருப்பினான்" என்கிறார். அந்நிய மொழி என்று அவர் சொல்வது தன் சொந்த லத்தீனை. கிரேக்கர் கண்ணிலிருந்து பார்க்கிறார். அவர் வினை வெர்டெரே, திருப்புதல். சிசரோவும் திருப்புகிறார். கிரேக்க உரைகளைத் தான் மாற்றியது மொழிபெயர்ப்பாளனாக அல்ல, பேச்சாளனாக என்று சொல்லும் புகழ்பெற்ற இடத்தில் கோன்வெர்டெரே என்ற வினையே வருகிறது. 'சொல்லுக்குச் சொல் அல்ல, பொருளுக்குப் பொருள்' என்று நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பம்மாக்கியுஸுக்குக் கடிதம் எழுதிய, விவிலியத்தை லத்தீனாக்கிய ஜெரோம் எக்ஸ்ப்ரிமெரே என்கிறார். பிழிந்து எடுத்தல், அழுத்தி உருக்கொடுத்தல் என்று அதற்குப் பொருள். அதே கடிதத்தில் இன்னொருவரைப் பாராட்டும்போது, கருத்துகளைப் போர்க்கைதிகள்போல வென்றவனின் உரிமையோடு தன் மொழிக்குக் கொண்டுவந்தார் என்கிறார். திருப்பல், பிழிதல், சிறைப்பிடித்தல் எல்லாம் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபெர்ரேயும் இந்த வரிசையில் உண்டு, ஆனால் பலவற்றில் ஒன்றாக.

அந்த வினையின் பெயர்ச்சொல்லான டிரான்ஸ்லாட்டியோவுக்கு இலக்கணிகளிடம் வேறொரு முக்கியமான வேலை இருந்தது. க்விண்டிலியன் முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய பேச்சுக்கலை நூலில் டிரான்ஸ்லாட்டியோ என்பது உருவகத்தின் பெயர். கிரேக்கர் மெட்டஃபோரா என்றதை உறுப்புக்கு உறுப்பு லத்தீனாக்கிய சொல் அது. ஒரு சொல்லை அதன் சொந்த இடத்திலிருந்து எடுத்து, இன்னொரு இடத்தில் வைத்து, அங்கே அது புதுப்பொருள் தருமாறு செய்வதுதான் உருவகம். டிரான்ஸ்லாட்டியோ என்றதும் படித்த ரோமானியனின் மனதில் தோன்றிய செயலில் இடமாற்றமும் பொருள்மாற்றமும் பிரிக்க முடியாமல் இருந்தன.

ஆங்கிலமும் தொடக்கத்தில் சுமக்கவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் அரசர் ஆல்ஃபிரட் லத்தீன் நூல் ஒன்றை ஆங்கிலமாக்கி எழுதிய முன்னுரையில் வரும் வினை வெண்டன், அதாவது திருப்புதல். டிரான்ஸ்லேட் 1300 அளவில்தான் ஆங்கிலத்தில் தென்படுகிறது.

எலும்புகள், ஆயர்கள், ஏனோக்கு

அது வந்து சேர்ந்தபோது கூடவே திருச்சபையின் வழக்கும் வந்தது. இந்த வழக்கில்தான் பொருள் மாறாமல் இடம் மட்டும் மாறுகிறது. ஒரு புனிதரின் உடலையோ எலும்புகளையோ ஒரு கல்லறையிலிருந்து எடுத்து இன்னொரு சிறப்பான இடத்தில் வைக்கும் சடங்குக்கு டிரான்ஸ்லேஷன் என்று பெயர். கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் 1170 டிசம்பர் 29 அன்று தன் பேராலயத்திலேயே கொல்லப்பட்டார். உடல் நிலவறையில் கிடந்தது. 1220 ஜூலை 7 அன்று மேலே புதிய நினைவிடத்துக்கு மாற்றப்பட்டது. அந்த இரண்டாம் நாளும் தனித் திருநாளானது. வின்செஸ்டரின் புனித ஸ்விதனை 971 ஜூலை 15 அன்று வெளிக் கல்லறையிலிருந்து உள்ளே மாற்றினார்கள். அந்நாளில் மழை பெய்தால் நாற்பது நாள் தொடரும் என்ற ஆங்கில நம்பிக்கை இந்த டிரான்ஸ்லேஷன் நாளைச் சுற்றியதுதான்.

ஆயர்களும் டிரான்ஸ்லேட் ஆவார்கள். ஒருவர் முதன்முறை ஆயர் ஆகும்போது அது இந்தச் சொல்லில் அடங்காது. ஏற்கெனவே ஒரு மறைமாவட்டத்தின் ஆயராக இருப்பவர் இன்னொன்றுக்குப் போனால் மட்டுமே டிரான்ஸ்லேஷன். கி.பி. 325இல் நைசியாவில் கூடிய சங்கம் தன் 15ஆம் விதியில் இப்படி ஊர்விட்டு ஊர் மாறுவதைத் தடை செய்தது. தடை காலப்போக்கில் தளர்ந்தது, சொல் நிலைத்தது. டர்ஹாம் ஆயராக இருந்த ஜஸ்டின் வெல்பி 2013இல் கேன்டர்பரிக்குப் போனதும் சட்டப்படி டிரான்ஸ்லேஷன்தான்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் தலைப்புப் பக்கம், மூல மொழிகளிலிருந்து புதிதாக டிரான்ஸ்லேட் செய்யப்பட்டது என்று அறிவிக்கிறது. அதே நூலின் எபிரெயர் 11:5இல் விவிலியத்தின் ஆதி முன்னோர்களில் ஒருவனான ஏனோக்கு மரணத்தைக் காணாதபடிக்கு டிரான்ஸ்லேட் செய்யப்படுகிறான். தமிழ் விவிலியத்தில் 'எடுத்துக்கொள்ளப்பட்டான்' என்று வரும் இடம் அது. நூலும் ஏனோக்கும் ஒரே வினையால் நகர்கிறார்கள், அன்றைய வாசகருக்கு அதில் வியப்பில்லை. ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் தொழில் என்ன என்று முன்னுரையில் விளக்கும் பகுதியைப் படியுங்கள். வெளிச்சம் வர ஜன்னலைத் திறப்பது, பருப்பைத் தின்ன ஓட்டை உடைப்பது, திரையை விலக்குவது, தண்ணீருக்காகக் கிணற்று மூடியை அகற்றுவது. நான்கு உருவகங்கள், ஒன்றில்கூடச் சுமை இல்லை, ஆறு இல்லை. டிரான்ஸ்லேட் என்ற சொல்லை நாள் முழுக்கப் புழங்கியவர்கள், அதன் வேரைக் கரைத்துக் குடித்த லத்தீன் புலவர்கள், வேர்ப்படம் தங்களைக் கட்டும் என்று நினைக்கவே இல்லை.

இரண்டாவது இழையும் அதே நூற்றாண்டுகளில் கூடவே ஓடியது. ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதையில் வரும் ஏழைப்பெண் க்ரிசெல்டாவைப் பட்டும் நகையும் உடுத்தி அலங்கரித்ததும், அப்படி டிரான்ஸ்லேட் ஆனவளை ஊராருக்கு அடையாளமே தெரியவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் நெசவாளி பாட்டமின் தலை கழுதைத்தலையாக மாற, அலறுகிற நண்பன் "நீ டிரான்ஸ்லேட் ஆகிவிட்டாய்" என்கிறான். அவர்கள் யாரும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகவில்லை. நின்ற இடத்திலேயே வேறாக ஆனார்கள்.

ஐரோப்பா சொல்லை மாற்றியபோது

எனக்கு இந்தக் கதையின் மையம் 1400களின் தொடக்கத்தில் இத்தாலியில் இருக்கிறது. கிரேக்கத்திலிருந்து அரிஸ்டாட்டிலையும் பிளேட்டோவையும் லத்தீனாக்கிய லியோனார்டோ புரூனி, மொழிபெயர்த்தலுக்கு டிராடூகெரே என்ற வினையைப் பயன்படுத்தத் தொடங்கினார். பழைய லத்தீனில் அந்த வினைக்கு அப்படியொரு பொருள் வழக்கில் இல்லை. இத்தாலிய ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் ஔலுஸ் கெல்லியஸ், கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்குள் கொண்டுவரப்பட்ட ஒரு பழஞ்சொல்லைப் பற்றிப் பேசும்போது இந்த வினையை எழுதினார். அவர் சொன்னது சொல்லைக் கடன்வாங்குவது பற்றி. புரூனி அதை மொழிபெயர்த்தல் என்று எடுத்துக்கொண்டார். சரியோ தவறோ, அந்த வாசிப்பு பற்றிக்கொண்டது. இத்தாலியத்தின் த்ரதூர்ரே, ஸ்பானிஷின் த்ரதூசிர், பிரெஞ்சின் த்ரதுயீர் எல்லாம் அதன் பிள்ளைகள். பிரெஞ்சில் அதற்கு முன் நம் டிரான்ஸ்லேட்டின் உடன்பிறப்பான ஒரு வினைதான் இருந்தது, பதினாறாம் நூற்றாண்டில் அது ஒதுங்கிப்போனது.

வேறுபாடு சிறியதல்ல. ஃபெர்ரே என்றால் சுமத்தல், சுமக்கப்படும் பொருளுக்குக் கால் கிடையாது. டூகெரே என்றால் வழிநடத்தல். நடத்திச் செல்லப்படுவது தன் காலால் நடந்து வருகிறது. படையை ஆற்றைக் கடக்க வைப்பதற்கு சீசர் எழுதும் வினை இதுதான். கி.மு. 55இல் ரைன் நதியின் மேல் பத்தே நாளில் பாலம் கட்டி முடித்ததும் படை கடத்தப்பட்டது என்ற வாக்கியத்தில் டிராடூகெரே வருகிறது. ஆற்றையும் அக்கரையையும் விரும்புகிறவர்களுக்கு உண்மையில் உரிய லத்தீன் வினை இது, டிரான்ஸ்லேட் அல்ல. அக்கரையிலும் தன் காலில் நிற்கிற ஒன்றைக் கூட்டிப்போவதாக மொழிபெயர்ப்பைக் காண்பது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

பிரெஞ்சில் இந்தச் சொல்லை நிலைநாட்டியவர்களில் எத்தியேன் தொலே முக்கியமானவர். நன்றாக மொழிபெயர்ப்பது எப்படி என்று 1540இல் சிறு நூல் எழுதி ஐந்து விதிகள் கொடுத்தார். பிளேட்டோவின் பெயரில் வழங்கிய ஓர் உரையாடலில் இறந்தபின் 'நீ இருக்கமாட்டாய்' என்ற இடத்தில் 'எதுவுமே' என்று பொருள்தரும் மூன்று சொற்களைக் கூட்டினார். ஆன்மாவின் அழியாமையை மறுக்கிறார் என்று பாரிஸ் இறையியலாளர்கள் குற்றம் கண்டார்கள். அவர்மேல் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன. 1546இல் பாரிஸில் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். கூட்டியதாகச் சொன்ன சொற்கள் கிரேக்க வாக்கியத்தின் அழுத்தத்தைப் பிரெஞ்சில் கொண்டுவரச் சேர்த்தவை என்று வாதிட இடமுண்டு.

ஆங்கிலமும் இந்த வினையை ட்ரெட்யூஸ் என்று கடன்வாங்கியது, பதினாறாம் நூற்றாண்டில் மொழிபெயர்த்தல் என்ற பொருளிலும் சிலர் எழுதினார்கள். ஆனால் லத்தீனில் அதற்கு இன்னொரு பொருள் இருந்தது: கைதியைக் கூட்டத்தின் முன்னால் நடத்திச் சென்று அவமானப்படுத்துதல். ஆங்கிலத்தில் அதுவே வென்றது. இன்று ட்ரெட்யூஸ் என்றால் அவதூறு செய்தல் மட்டுமே. அந்த வழி அடைபட்டதால் ஆங்கிலம் டிரான்ஸ்லேட்டோடு தங்கிவிட்டது.

லண்டன் செருப்புகள்

இரண்டாவது இழை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று நூலகத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. 1785இல் ஃப்ரான்ஸிஸ் க்ரோஸ் தொகுத்த கொச்சைச்சொல் அகராதியில் டிரான்ஸ்லேட்டர் என்றால் செப்பனிட்ட பழைய செருப்பு விற்பவர். செருப்புத் தைப்பவருக்கும் செருப்புச் செய்பவருக்கும் இடைப்பட்டவர். 1850களில் லண்டன் தெருத் தொழிலாளர்களிடம் பேசி எழுதிய ஹென்றி மேஹ்யூவிடம் இந்தத் தொழிலாளி ஒருவர் டிரான்ஸ்லேஷனுக்கு இலக்கணமே சொல்கிறார்: தேய்ந்த பழைய ஜோடியை எடுத்து, அதிகம் போடாமல் கழற்றிவிட்டது போலவும் வெறுமனே அழுக்கானது போலவும் தோன்றும்படி செப்பனிடுவது.

வேலையை நினைத்துப் பாருங்கள். மேல்தோல் நன்றாக இருந்தால் அது தங்கும், ஒடிந்த அடித்தோல் கழற்றப்படும். வெடித்த இடத்துக்கு வேறொரு பழஞ்செருப்பின் நல்ல துண்டு வெட்டி வைத்துத் தைக்கப்படும். குதிகால் புதிதாக ஏறும். கடைசியில் மையும் மெருகும் தையலை மறைக்கும். ஒட்டுத்தோல் மேல்தோலைவிடத் தடித்திருந்தால் தையல் ஓரத்தில் மறுபடி வெடிக்கும். மெல்லியதாக இருந்தால் அதுவே முதலில் கிழியும். புதிய காலுக்குப் பொருந்தவேண்டும், நடை தாங்கவேண்டும், பழசு என்று கண்ணை உறுத்தக்கூடாது. மொழிபெயர்ப்பு வரைவைத் திருத்தி உட்கார்ந்தவர்களுக்கு இதில் தெரியாத படி ஒன்றும் இருக்காது. படகோட்டியைவிட இந்தச் செருப்புத் தொழிலாளி அவர்களுக்கு நெருங்கியவர்.

செல்லுக்குள் இரட்டையர்

அறிவியல் இந்தச் சொல்லை எடுத்தபோது இரண்டு இழைகளையும் தனித்தனியே எடுத்தது. வடிவியலில் டிரான்ஸ்லேஷன் என்றால் உருவத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே திசையில் ஒரே தூரம் நகர்வது. சுழற்சி இல்லை, நீட்சி இல்லை. பெக்கெட்டின் எலும்புகள் நகர்ந்த வகை. உயிரியல் எடுத்தது மொழிப்பொருளை. மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ இழையில் நான்கு எழுத்துகள், மூன்று மூன்றாகப் படிக்கப்பட்டு 64 சொற்கள். அவற்றில் 61 சொற்கள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன, மூன்று நிறுத்தக் குறிகள். செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் என்ற நுண்ணமைப்பு இந்த இழையைப் படித்துப் புரதம் கட்டுவதுதான் டிரான்ஸ்லேஷன். எழுத்து ஒன்று நடுவில் உதிர்ந்தாலோ நுழைந்தாலோ அதற்கப்புறம் உள்ள மூன்றெழுத்துக் கூட்டங்கள் எல்லாம் தப்பாகப் பிரியும், புரதம் வேறாகிவிடும்.

அமினோ அமிலத்தைத் தூக்கிக்கொண்டு வந்து ரைபோசோமில் சேர்ப்பது இன்னொரு சிறிய ஆர்என்ஏ. அதன் பெயர் டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏ. பதினான்காம் நூற்றாண்டில் பிரிந்து பொருள் கண்ட இரட்டையர் இருபதாம் நூற்றாண்டில் செல்லுக்குள் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள், வேலை வேறு வேறு. எந்த டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவின் மேல் எந்த அமினோ அமிலத்தை ஏற்றுவது என்று பார்த்துப் பொருத்துவது தனி நொதிகள். மூன்றெழுத்துக்கு உரிய பொருள் அங்கேதான் முடிவாகிறது.

1962இல் ஒரு சோதனை செய்தார்கள். சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் முறைப்படி அதற்குரிய டிரான்ஸ்ஃபர் ஆர்என்ஏவில் ஏற்றப்பட்டது. ஏற்றியபின் ராணே நிக்கல் என்ற வினையூக்கியால் அதன் கந்தகத்தை அகற்றினார்கள். கந்தகம் போனதும் சிஸ்டீன் அலனினாக மாறிவிட்டது. தாங்கியிருந்த ஆர்என்ஏவில் மாற்றமில்லை. அதைப் புரதம் கட்டும் கலவையில் விட்டபோது, சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் போய் உட்கார்ந்தது. ரைபோசோம் சுமையைச் சோதிக்கவில்லை, சுமந்து வந்த ஆர்என்ஏவின் மூன்றெழுத்தை மட்டுமே பார்த்தது. டிரான்ஸ்ஃபர் அணுவளவும் பிசகாமல் நடந்தது. டிரான்ஸ்லேஷன் தவறிவிட்டது.